இருக்கிறார்களா, எட்டுவார்களா?

பொ.ஆ.மு. 300ஐ ஒட்டிக் கிரேக்கத்தில் வாழ்ந்த எபிக்யூரஸ், அணுக்களுக்கு எண்ணிக்கையில்லை, எனவே உலகங்களுக்கும் எண்ணிக்கை இருக்க முடியாது, அவற்றிலும் உயிர்கள் இருக்கத் தடையில்லை என்று வாதிட்டார். அவருக்கு முன்பே அரிஸ்டாட்டில், உலகம் ஒன்றே ஒன்றுதான் என்று சொல்லி வழக்கை முடித்திருந்தார். இருவரும் வானத்தை வெறுங்கண்ணால் பார்த்தவர்கள். இன்று விண்வெளியிலேயே தொலைநோக்கிகள் இயங்குகின்றன. பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் ஆறாயிரத்துக்கு மேல் உறுதியாகிவிட்டன. ஆனாலும் அறிஞர்கள் இன்றும் எபிக்யூரஸ் கட்சி, அரிஸ்டாட்டில் கட்சி என்று இரண்டாகத்தான் நிற்கிறார்கள்.

இவ்வளவு தரவு வந்த பிறகும் விவாதம் ஏன் தீரவில்லை? மூன்று கேள்விகள் ஒரே கேள்வியாகப் பேசப்படுவது அதற்கு ஒரு காரணம் என்று தோன்றுகிறது. பூமிக்கு வெளியே உயிர் இருக்கிறதா? அந்த உயிர் எங்கேனும் கருவி செய்யும் அறிவாக வளர்ந்திருக்கிறதா? அப்படி வளர்ந்த ஓர் அறிவோடு நமக்குத் தொடர்பு ஏற்படுமா? முதல் கேள்விக்குச் சாதகமாக ஒரு செய்தி வந்தால் அதை மூன்றாவது கேள்வியின் கணக்கில் வரவு வைப்பது வழக்கமாகிவிட்டது. மூன்றையும் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு தரப்பின் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரியும்.

தொலைநோக்கிக்கு முன்னும் பின்னும்

இடைக்கால ஐரோப்பாவில் இது வானியலாகத் தொடங்கவில்லை; கடவுளின் வல்லமை பற்றிய வழக்காகத் தொடங்கியது. கடவுளால் பல உலகங்களைப் படைக்க இயலாது என்று சொல்வது பிழை என 1277இல் பாரிஸ் பிஷப் தீர்ப்பளித்தார். அரிஸ்டாட்டிலின் பிடி அங்கே தளர்ந்தது. கோப்பர்நிக்கஸ் பூமியை மையத்திலிருந்து நகர்த்திய பிறகு வாதம் வேறு உருவம் எடுத்தது. பூமியும் ஒரு கோள்தான் என்றால் மற்ற கோள்களும் ஏன் பூமியைப் போல் இருக்கக் கூடாது? 1698இல் வெளியான தம் நூலில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் பிற கோள்களின் குடிமக்களைப் பற்றி மிக விரிவாக ஊகித்தார். இந்தத் தரப்பின் அடித்தளம், கடவுள் எதையும் வீணாகப் படைக்க மாட்டார் என்ற நம்பிக்கை. இவ்வளவு பெரிய வெளி காலியாகக் கிடந்தால் இடம் வீண்தானே என்று இன்று கேட்பவர்களும், தெரிந்தோ தெரியாமலோ, அதே நம்பிக்கையைத்தான் கடன் வாங்குகிறார்கள்.

அதற்கு மிகக் கூர்மையான பதிலை 1853இல் வில்லியம் ஹ்யூவெல் எழுதினார். பூமியின் நீண்ட வரலாற்றில் பெரும்பகுதி மனிதன் இல்லாமலே கழிந்தது என்பதை நிலவியல் அப்போதுதான் காட்டிக்கொண்டிருந்தது. காலத்தின் பெரும்பகுதி அறிவுயிர் இல்லாமல் கழியலாம் என்றால், வெளியின் பெரும்பகுதியும் அறிவுயிர் இல்லாமல் கிடக்கலாமே என்றார் அவர். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் இதை முழுதாக மறுக்கும் வாதம் வரவில்லை.

பிறகு வந்தது செவ்வாய். 1877இல் ஸ்கியாபரெல்லி அங்கே நீண்ட கோடுகளைக் கண்டதாக வரைந்தார். பெர்சிவல் லோவெல் அவற்றைக் கால்வாய்களாக்கி, வறண்டுபோகும் கோளில் தண்ணீருக்குப் போராடும் ஒரு நாகரிகத்தையே கட்டி எழுப்பினார். 1965இல் மரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் இருந்தவை வெறும் பள்ளங்கள். கண் பார்க்க விரும்பியதைப் பார்த்துவிடும் என்பதற்கு இந்தத் துறையில் இதைவிடப் பெரிய எச்சரிக்கை கிடையாது.

கேட்கத் தொடங்கியவர்கள்

நவீன நம்பிக்கைவாதத்துக்குப் பிறந்த ஆண்டு 1959. கோக்கோனி, மாரிசன் என்ற இரு இயற்பியலாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். விண்மீன்களுக்கு இடையே செய்தி அனுப்ப ரேடியோ அலை போதும், 1,420 மெகாஹெர்ட்ஸில் தேடலாம் என்பது அதன் சாரம். அண்டத்தில் மிகுதியாக உள்ள ஹைட்ரஜன் இயல்பாகவே உமிழும் அலைவரிசை அது. வானியல் அறிந்த எவருக்கும் தெரிந்திருக்கும். தேடினால் வெற்றி கிடைக்குமா என்று அவர்கள் உறுதி தரவில்லை. தேடவில்லை என்றால் வாய்ப்பு சுழியம் என்பதே அவர்கள் நிலை.

1960 ஏப்ரல் 8 அதிகாலையில், மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கில் இருந்த 26 மீட்டர் தொலைநோக்கியை ஃபிராங்க் டிரேக் டவ் செட்டி என்ற விண்மீனின் பக்கம் திருப்பினார். தாளில் பேனா முள் சோம்பலாக ஊர்ந்தது; ஒன்றுமில்லை. அந்த விண்மீன் சாய்ந்த பிறகு எப்சிலான் எரிடானி பக்கம் திருப்பினார். சில நிமிடங்களில் முள் துள்ளி எகிறியது. நொடிக்கு எட்டுத் துடிப்பு, கடிகாரம் போன்ற ஒழுங்கு. இவ்வளவு எளிதா என்ற திகைப்பு அறைக்குள் பரவியது. தொலைநோக்கியை விலக்கிப் பார்த்தார்கள், சமிக்ஞை போய்விட்டது. திரும்ப வைத்தபோது வரவில்லை. சில நாள் கழித்து மறுபடி வந்தபோது, வெளியே நீட்டி வைத்த ஒரு சிறு ஏற்பியிலும் அது விழுந்தது. மிக உயரத்தில் பறந்த விமானத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அடுத்த 65 ஆண்டுகளின் கதையும் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டது.

1961 நவம்பரில் அதே கிரீன் பேங்கில் பத்துப் பேர் அளவில் கூடிய ஒரு சிறு கூட்டத்துக்காக டிரேக் ஒரு நிகழ்ச்சிநிரல் தயாரித்தார். எத்தனை விண்மீன்கள் ஆண்டுதோறும் பிறக்கின்றன, எத்தனைக்குக் கோள்கள், அவற்றில் எத்தனை உயிருக்கு ஏற்றவை, எத்தனையில் உயிர் தோன்றும், எத்தனையில் அறிவு, எத்தனை அறிவுகள் ரேடியோ செய்யும், அந்த நாகரிகம் எத்தனை காலம் பேசும். இந்த ஏழையும் பெருக்கினால் இப்போது பேசிக்கொண்டிருக்கும் நாகரிகங்களின் எண்ணிக்கை கிடைக்கும். கூட்டத்தின் மதிப்பீடு ஆயிரத்திலிருந்து பத்துக் கோடி வரை விரிந்தது. கவனியுங்கள், அதுவே ஒரு லட்சம் மடங்கு இடைவெளி. கூட்டத்துக்கு வந்தவர்களில் டால்பின்களோடு பேச முயன்றுகொண்டிருந்த ஜான் லில்லியும் ஒருவர். உற்சாகத்தில் அவர்கள் தங்களுக்கு ‘டால்பின் சங்கம்’ என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரே கோளில், ஒரே மூதாதையரிலிருந்து வந்த டால்பினுடன் நாம் இன்றும் உரையாடத் தொடங்கவில்லை என்பதை வேற்றுலக உரையாடல் பற்றிப் பேசுபவர்கள் அவ்வளவாக நினைவூட்டிக்கொள்வதில்லை.

டிரேக் சமன்பாட்டின் குறை பலரும் அறிந்ததுதான். முதல் மூன்று காரணிகளுக்கு இன்று ஓரளவு அளவீடு உண்டு. நடுவில் உள்ளவற்றுக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு, அதுவும் நாமே. 2018இல் சாண்ட்பெர்க், டிரெக்ஸ்லர், ஆர்ட் மூவரும் ஒரு மாற்றம் செய்தார்கள். ஒவ்வொரு காரணிக்கும் ஒரு எண்ணைப் போடாமல், நம் அறியாமையின் முழு வீச்சையும் போட்டுக் கணக்கிட்டார்கள். பால்வீதியில் நாம் தனியாக இருப்பதற்கான நிகழ்தகவு 53 முதல் 99.6 விழுக்காடு வரை வந்தது. காணக்கூடிய அண்டம் முழுவதிலும் தனியாக இருப்பதற்கு 39 முதல் 85 வரை. இந்த எண்களை வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை, உள்ளே போட்ட ஊகங்களைப் பொறுத்தே அவை அமைகின்றன. ஆனால் சராசரி எண்ணிக்கை லட்சக்கணக்கில் வந்தாலும், யாருமே இல்லாதிருக்கும் வாய்ப்பு பெரிதாகவே இருக்கலாம் என்று அவர்கள் காட்டியது கணித அளவில் சரி.

ஃபெர்மி கேட்டதும் கேட்காததும்

1950 கோடையில் லாஸ் அலமோஸில் மதிய உணவின்போது என்ரிகோ ஃபெர்மி, “எல்லோரும் எங்கே?” என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டார். எட்வர்ட் டெல்லர், ஹெர்பர்ட் யார்க், எமில் கோனோபின்ஸ்கி உடனிருந்தார்கள். அவர்களின் நினைவுகளைத் தொகுத்த எரிக் ஜோன்ஸின் அறிக்கை 1985இல்தான் வந்தது. விண்மீன்களுக்கிடையே பயணம் சாத்தியமா என்றுதான் ஃபெர்மி ஐயுற்றார், வேற்றுயிர் இல்லை என்று அவர் சொல்லவில்லை என்கிறார் ராபர்ட் கிரே. அவர் பெயரால் வழங்கும் வாதத்தை உண்மையில் கட்டியவர் மைக்கேல் ஹார்ட். 1975இல் அவர் எழுதியதன் சுருக்கம் இது: ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் போனாலும் சில பத்து லட்சம் ஆண்டுகளில் பால்வீதி முழுவதும் பரவிவிடலாம், பால்வீதிக்கு ஆயிரம் கோடி ஆண்டுக்கு மேல் வயது, இங்கே யாரும் வரவில்லை, எனவே யாரும் இல்லை. தன்னைத்தானே பிரதி எடுக்கும் இயந்திரங்களை அனுப்பினால் இன்னும் எளிது என்று 1980இல் ஃபிராங்க் டிப்ளர் அதை மேலும் இறுக்கினார்.

இதற்குப் பதிலாகச் சொல்லப்படும் கதைகள் ஏராளம். அவர்கள் நம்மை உயிரியல் பூங்கா போல் விலகி நின்று பார்க்கிறார்கள் என்றார் ஜான் பால், 1973இல். பயந்து எல்லோரும் ஒளிந்திருக்கிறார்கள் என்பது லியு சிஷினின் நாவலால் உலகெங்கும் பரவியது. எல்லாவற்றுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. ஆயிரம் நாகரிகங்கள் இருந்தால் ஆயிரமும் ஒரே முடிவெடுத்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் அதை மீறாமல் இருந்திருக்க வேண்டும். ஒரு கூட்டுக் குடும்பத்தில்கூட நடக்காத ஒற்றுமை அது.

ஹார்ட்டின் வாதத்திலும் ஓட்டை உண்டு. குடியேறும் ஆசை ஓயாது, குடியேற்றங்கள் அழியாது என்று அது எடுத்துக்கொள்கிறது. 2019இல் கரோல்-நெல்லன்பேக்கும் அவருடைய கூட்டாளிகளும் செய்த கணிப்பில், விண்மீன்களின் இயக்கத்தையும் குடியேற்றங்களின் ஆயுளையும் சேர்த்தபோது, பால்வீதியில் பலர் வாழ்ந்தாலும் நம் பக்கம் பல பத்து லட்சம் ஆண்டுகளாக யாரும் எட்டிப்பார்க்காமல் இருப்பது இயல்பாகவே வாய்க்கக்கூடும் என்று தெரிந்தது. பூமிக்கு மிகப் பழங்காலத்தில் யாராவது வந்துபோயிருந்தால் அதன் தடயம் மிஞ்சியிருக்குமா என்பதும் ஐயம்தான்.

பறக்கும் தட்டுகளைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. அமெரிக்க விமானப்படை 1969 வரை திரட்டிய 12,618 சம்பவங்களில் 701 விளக்கப்படாமல் நின்றன. நாசா அமைத்த குழுவும் 2023இல் வேற்றுலகத் தொடர்புக்குச் சான்றில்லை என்றே சொன்னது. விளங்காத ஒன்றுக்கு, போதிய தரவு இல்லாததே பெரும்பாலும் காரணம்.

உயிரியலாளர்களின் தயக்கம்

ஒரு பொதுப் போக்கு கண்ணில் படும். வானியலாளர்களும் இயற்பியலாளர்களும் நம்பிக்கையோடு பேசுகிறார்கள். பரிணாம உயிரியலாளர்கள் தலையை ஆட்டி மறுக்கிறார்கள். 1964இல் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன், மனிதனையொத்த உயிர் இன்னொரு முறை தோன்றுவதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று எழுதினார். 1995இல் கார்ல் சேகனுடன் நடந்த விவாதத்தில் எர்ன்ஸ்ட் மேயர் அதையே எண்ணிக்கையாகச் சொன்னார். பூமியில் இதுவரை தோன்றிய இனங்கள் பல நூறு கோடி. அவற்றில் ரேடியோ செய்தது ஒன்று. அறிவு உயிர் பிழைக்க அவ்வளவு உதவும் என்றால் பரிணாமம் அதை அடிக்கடி உண்டாக்கியிருக்குமே என்பது அவருடைய கேள்வி. கண் பல கிளைகளில் தனித்தனியாக உருவானது. தொழில்நுட்பம் அப்படி உருவாகவில்லை.

பூமியின் காலவரிசையும் யோசிக்க வைக்கிறது. பூமிக்கு வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. 350 கோடி ஆண்டுக்கு முன்பே நுண்ணுயிர்கள் இருந்ததற்குச் சான்றுண்டு. அதாவது கோள் ஆறியதும் உயிர் வெகு சீக்கிரம் வந்துவிட்டது. ஆனால் உட்கரு கொண்ட செல் தோன்ற இன்னும் 150 கோடி ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவும், தெரிந்த வரையில், ஒரே ஒரு முறை. ஒரு நுண்ணுயிர் இன்னொன்றை உள்ளே வாங்கி, செரித்துவிடாமல், ஆற்றல் தரும் உறுப்பாகத் தங்கவைத்துக்கொண்ட நிகழ்ச்சி அது. தாவரம், பூஞ்சை, விலங்கு எல்லாம் அந்த ஒற்றைச் சேர்க்கையின் வாரிசுகள். இந்தப் படிதான் உண்மையான தடை என்று நிக் லேன் கருதுகிறார். அது சரியென்றால், அண்டம் முழுக்கப் பாசி படிந்த கோள்கள் இருக்கும், பேச ஆள் இருக்காது.

1983இல் பிராண்டன் கார்ட்டர் இதை இன்னும் பொதுவாக்கினார். சூரியன் மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே போகிறது. இன்னும் சுமார் நூறு கோடி ஆண்டில் பூமி வாழத் தகுதியற்றதாகிவிடலாம். கிடைத்த காலத்தில் பெரும்பகுதியைச் செலவழித்துத்தான் அறிவு இங்கே வந்திருக்கிறது. அறிவு எளிதில் வரும் என்றால் முன்னமே வந்திருக்கும். இயல்பாக அது கோளின் ஆயுளையும் தாண்டிய காலம் எடுக்கும், தப்பித் தவறிக் காலத்துக்குள் முடித்த இடத்தில்தான் கேள்வி கேட்க ஆள் இருக்கும் என்பது அவர் வாதம். உயிர் சீக்கிரம் தோன்றியதையும் அதே எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். சீக்கிரம் தொடங்காத கோளில் நம்மைப் போன்ற ஆள் உருவாகக் காலமே போதாது.

2000இல் பீட்டர் வார்டும் டொனால்ட் பிரவுன்லியும் பூமியின் தனித்தன்மைகளை அடுக்கினார்கள்: நிலத்தட்டுகளின் நகர்வு, சாய்வை நிலைநிறுத்தும் பெரிய நிலா, காவலுக்கு வியாழன். இதில் சில செங்கற்கள் பின்னர் ஆட்டம் கண்டன. நிலா இல்லாவிட்டாலும் பூமியின் சாய்வு முன்பு நினைத்த அளவு தறிகெட்டுப் போகாது என்று 2012இல் வந்த கணிப்பு காட்டியது. பொதுவாகவே இந்த வகை வாதம், பூமி எப்படி வாழிடமாயிற்று என்பதைச் சொல்லிவிட்டு, வேறு எப்படியும் ஆக முடியாது என்று நிறுவாமலே அடுத்த பக்கத்துக்குப் போகிறது. கார்ட்டரின் கடினப் படிகளையும் 2025இல் மில்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். ஆக்சிஜன் போதிய அளவு சேரும்வரை சிக்கலான உயிருக்குக் கதவே திறக்கவில்லை, திறந்ததும் நுழைந்தது. அப்படிப் பார்த்தால் தாமதத்துக்குக் காரணம் அதிர்ஷ்டக்குறைவு ஆகாது, வேதியியலின் வேகம்தான்.

கோள்கள் பெருகிய பின்

1995இல் வானியலாளர்களான மேயரும் கெலோவும் 51 பெகாசி விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டறிந்தார்கள்; 2019இல் அதற்கு நோபல் பரிசு. கெப்ளர் தொலைநோக்கி மட்டும் 2,600க்கு மேற்பட்ட கோள்களைத் தந்தது. அதன் தரவிலிருந்து 2020இல் பிரைசன் குழு செய்த கணிப்பின்படி, சூரியனையொத்த விண்மீன் ஒன்றுக்குச் சராசரியாக 0.37 முதல் 0.60 பாறைக்கோள்கள் நீர் தேங்கக்கூடிய தொலைவில் சுற்றுகின்றன. டிரேக்கின் கூட்டத்தினர் ஊகமாகச் சொன்னதில் இந்தப் பகுதி தேறிவிட்டது.

ஆனால் தொலைவு சரியாக இருந்தால் மட்டும் தண்ணீர் இருக்கும் என்று பொருளில்லை. நாற்பது ஒளியாண்டுத் தொலைவில் ஏழு பாறைக்கோள்களோடு 2017இல் பரபரப்பூட்டிய டிராப்பிஸ்ட்-1 அமைப்பின் உட்புறக் கோளில் அடர்ந்த வளிமண்டலம் இருப்பதாக வெப் தொலைநோக்கிக்குத் தெரியவில்லை. கே2-18பி கோளில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு கந்தகச் சேர்மத்தின் சாயல் தெரிகிறது என்று நிக்கு மதுசூதனின் கேம்பிரிட்ஜ் குழு 2025இல் அறிவித்தது. அதே தரவை மறுபடி அலசிய பிறர், அந்தச் சாயல் உறுதியாக இல்லை என்கிறார்கள். அது உறுதியானாலும் முதல் கேள்விக்குத்தான் விடை. நுண்ணுயிர் கிடைத்தால், ஆள் கிடைத்ததாகாது.

இதுவரை கேட்டது எவ்வளவு?

அறுபத்தைந்து ஆண்டு தேடியும் கிடைக்கவில்லையே என்பவர்கள், தேடிய அளவைப் பார்ப்பதில்லை. திசை, தொலைவு, அலைவரிசை, நேரம், வலிமை என்று எல்லாப் பரிமாணங்களையும் சேர்த்து 2018இல் ஜேசன் ரைட் குழு ஒரு கணக்குப் போட்டது. தேட வேண்டிய பரப்பைப் பூமியின் கடல் நீர் முழுவதற்கும் சமமாக வைத்தால், தேடி முடித்தது ஏறத்தாழ 7,700 லிட்டர். ஒரு பெரிய தண்ணீர் லாரிகூட நிறையாது. அதில் மீன் இல்லை என்பதைக் கொண்டு கடலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தேடலும் சீராக நடக்கவில்லை. நாசா தன் திட்டத்தை 1992 அக்டோபரில் தொடங்கியது. மறு ஆண்டே அமெரிக்கக் காங்கிரஸ் நிதியை நிறுத்தியது. 2015இல் யூரி மில்னர் பத்துக் கோடி டாலர் தந்து தொடங்கிய பிரேக்த்ரூ லிசன் வந்த பிறகே தேடலுக்கு வேகம் கூடியது.

கிடைத்த சில சமிக்ஞைகளும் ஒரு பாடம் வைத்திருக்கின்றன. 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹியோவின் பிக் இயர் தொலைநோக்கி 72 நொடி நீடித்த வலுவான சமிக்ஞையைப் பதிந்தது. சில நாள் கழித்து அச்சுத்தாளைப் புரட்டிய ஜெர்ரி எமன் அந்தச் சமிக்ஞையைக் காட்டிய ஆறு குறிகளைச் சிவப்பு மையால் வளைத்து ஓரத்தில் ‘வாவ்!’ என்று எழுதினார். அந்தத் தொலைநோக்கிக்கு இரண்டு ஏற்பிகள். ஒன்றில் பட்டது சில நிமிடத்தில் மற்றதிலும் பட்டிருக்க வேண்டும். படவில்லை. பலமுறை தேடியும் திரும்ப வரவில்லை. 2019இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி, நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமாவின் திசையிலிருந்து 982 மெகாஹெர்ட்ஸில் ஒன்றைப் பிடித்தது. நீண்ட அலசலுக்குப் பின், மின்னணுக் கருவிகளிலிருந்து வந்த இடையூறு என்று முடிவாயிற்று. அதே பார்க்ஸில் பல ஆண்டு குழப்பிய இன்னொரு வகைத் துடிப்புக்கு 2015இல் காரணம் கிடைத்தது: சமையல் முடியுமுன் யாரோ அங்கிருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது வந்திருக்கிறது.

ரேடியோவை விட்டு வேறு வழியிலும் பார்த்தாயிற்று. ஒரு விண்மீன் மண்டலத்தின் ஒளியில் பெரும்பகுதியை ஒரு நாகரிகம் பயன்படுத்தினால், கழிவு வெப்பம் அகச்சிவப்பில் தெரியும் என்பது 1960இல் டைசன் சொன்ன யோசனையின் நீட்சி. ஏறத்தாழ ஒரு லட்சம் மண்டலங்களை அலசிய ஆய்வு 2015இல் வந்தது. அப்படிப்பட்ட மாபெரும் நாகரிகம் தென்படவில்லை. இந்தச் சுழியம் ரேடியோச் சுழியத்தைவிடக் கனமானது என்று கருதுகிறேன். இங்கே அவர்கள் நம்மோடு பேச விரும்ப வேண்டியதே இல்லை; இருந்தாலே தெரிந்துவிடும். ஒரு விண்மீன் மண்டலத்தையே கைப்பற்றும் நாகரிகங்கள் அரிது என்று துணிந்து சொல்லலாம். அடக்கமாக வாழும் நாகரிகங்களைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

காலம் என்ற தடை

தொடர்பு என்பதன் உண்மையான முடிச்சு இங்கே இருக்கிறது. தாராளமாக ஒரு கணக்குப் போடுவோம். பால்வீதியை 1,00,000 ஒளியாண்டு விட்டமுள்ள தட்டாகக் கொள்வோம். ஆண்டுக்கு ஒரு புதிய நாகரிகம் தோன்றுகிறது என்று, கிரீன் பேங்க் கூட்டத்தின் உற்சாகத்தோடு, வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஆயிரம் ஆண்டு ரேடியோவில் பேசினால், எந்த நேரத்திலும் ஆயிரம் நாகரிகங்கள் இருக்கும். அண்டை வீட்டுக்காரர் சுமார் 2,800 ஒளியாண்டில். கேள்வி போய்ப் பதில் வர 5,600 ஆண்டு. அதற்குள் கேட்டவரும் இல்லை, சொன்னவரும் இல்லை. ஆயுள் பத்தாயிரம் ஆண்டு என்றால் அண்டை வீடு 900 ஒளியாண்டுக்கு நெருங்கும், உரையாடல் சாத்தியம். எல்லைக்கோடு மூவாயிரம் ஆண்டுக்குச் சற்று மேல் விழுகிறது. சங்கப் பாடல்களைவிட மூத்த ஓர் ஒலிபரப்பு இடைவிடாமல் நடக்க வேண்டும். நாகரிகங்கள் ஆயிரம் ஆண்டுக்கு ஒன்றுதான் தோன்றும் என்றால் அந்த எல்லை முப்பதாயிரம் ஆண்டைத் தாண்டிவிடும். நம் ரேடியோவுக்கு வயது நூற்றுச் சொச்சம்.

ஒருவழிச் செய்திக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அனுப்பியவர் அழிந்த பிறகும் அலை பயணித்துக்கொண்டிருக்கும். மேலே சொன்ன முதல் கணக்கிலேயே, அனுப்பியவர்களில் பலர் மறைந்துபோன நிலையிலும், ஆயிரம் பேரின் அலைகள் இந்த நொடியில் பூமியைக் கடந்துகொண்டிருக்கும். நம் கருவிகள் அவற்றை உணர முடியுமா என்பது தனிக் கேள்வி. 2025இல் சோஃபியா ஷேக் குழு கணக்கிட்டபடி, நம்முடையதைப் போன்ற கைப்பேசிக் கசிவு நான்கு ஒளியாண்டுக்குள்தான் தெரியும். அரெசிபோ தொலைநோக்கியின் கோள் ராடார் போன்ற குவிந்த கற்றை மட்டுமே 12,000 ஒளியாண்டு வரை எட்டும். ஆகவே தொடர்பு ஏற்பட்டால், கல்வெட்டைப் படிப்பது போலத்தான் பெரும்பாலும் இருக்கும்; தொலைபேசி உரையாடலுக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

நாமே அழைக்கலாமா?

1974 நவம்பர் 16 அன்று அரெசிபோவிலிருந்து 1,679 பிட்டுகள் கொண்ட ஒரு படச்செய்தி எம்13 விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பப்பட்டது. போய்ச் சேர 25,000 ஆண்டு. பிரிட்டிஷ் வானியலாளர் மார்ட்டின் ரைல் இதை ஆபத்து என்று கண்டித்தார். 2010இல் ஸ்டீபன் ஹாக்கிங்கும் அதே அச்சத்தை வெளியிட்டார். நம் கசிவு ஏற்கெனவே வெளியே போய்விட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது என்பது எதிர்வாதம். மேலே சொன்ன தொலைவு வேறுபாட்டைப் பார்த்தால் அந்த எதிர்வாதம் முழுதாகத் தேறவில்லை; கசிவும் குறிவைத்த கற்றையும் சமமாகாது. மனித இனம் முழுவதன் சார்பில் யார் பேசலாம் என்பதற்கும் விதி ஏதுமில்லை. 1977இல் வாயேஜர் கலங்களில் ஏற்றிய தங்கத் தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. மனத்தாங்கல் வேண்டாம், வாயேஜர் 1 இன்னொரு விண்மீனுக்கு ஏறத்தாழ 1.6 ஒளியாண்டு அருகில் போகவே இன்னும் 40,000 ஆண்டு ஆகும்.

எவை திறந்திருக்கின்றன

முதல் கேள்விக்கு இந்தத் தலைமுறையிலேயே விடை கிடைக்கக்கூடும். செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2024இல் கண்ட புள்ளிகள் படிந்த பாறை, உயிர்ச்சுவடாக இருக்கலாம் என்று ஓராண்டுக்குப் பின் நாசா அறிவித்தது. மாதிரி பூமிக்கு வந்தால்தான் தீர்ப்பு. அதைக் கொண்டுவரும் திட்டமே 2025இல் ஊசலாட்டத்தில் இருந்தது. வந்தாலும், செவ்வாயும் பூமியும் விண்கற்கள் வழியே பொருள் பரிமாறியவை என்பதால், அது இரண்டாவது தோற்றமா அல்லது நம் உறவினரா என்ற வழக்கு எழும். அந்த வகையில், வியாழனின் பனி நிலாவான யூரோப்பாவில் உயிர் கிடைத்தால் சான்று இன்னும் வலுவானது. யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடையும். ஒரே சூரியக் குடும்பத்தில் உயிர் இரண்டு முறை தனித்தனியே தோன்றியிருந்தால், உயிர் மலிவானது என்பது உறுதியாகிவிடும். நிக் பாஸ்ட்ரம் போன்றவர்கள் அதைக் கெட்ட செய்தி என்கிறார்கள்: உயிர் மலிவாக இருந்தும் வானம் மௌனமாக இருந்தால், தடை நமக்கு முன்னால் இருக்கலாம். இது தவிர்க்க முடியாத முடிவு என்று சொல்ல மாட்டேன். உட்கரு செல்லின் கதையைப் பார்த்தால் தடை நடுவிலும் இருக்க இடமுண்டு.

இரண்டாவது கேள்விக்கு ஒற்றை எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு எந்தத் தரப்பும் வெல்ல முடியாது. மூன்றாவதில் என் கணிப்பு இது: இருவழி உரையாடலுக்கான வாய்ப்பு, நாகரிகங்கள் பல்லாயிரம் ஆண்டு நிலைக்கும் என்று காட்டப்படும்வரை, புறக்கணிக்கத் தக்க அளவு சிறியது, ஒருவழிச் சான்று கிடைப்பதற்கான வாய்ப்பை இன்றைய தரவால் பெரிது என்றோ சிறிது என்றோ அளக்க இயலாது. அளக்க இயலாது என்பதே தேடலைத் தொடரப் போதுமான காரணம். செலவும் அப்படி ஒன்றும் அதிகமில்லை.

இனி எப்போதாவது ‘வேற்றுலகச் சமிக்ஞை’ என்று கொட்டை எழுத்தில் செய்தி வந்தால், வாசகர் முதலில் தேட வேண்டியது ஒன்றுதான்: வேறொரு நாட்டில், வேறொரு தொலைநோக்கியில், வேறொரு குழு அதைக் கண்டதா? இந்தக் கட்டுரை எழுதப்படும்வரை அந்தச் சோதனையில் எந்தச் சமிக்ஞையும் தேறவில்லை.